கைக்கு வந்து சேராத இருபத்தாறு துடிப்புகள்

கல்லூரி ஜூனியர்கள் சிலர் போன மாதம் என்னிடம் ஓர் உதவி கேட்டார்கள். இதயம் சம்பந்தமான முக்கியமான சொற்களை ஒரே இடத்தில் தமிழில் சுலபமாக விளக்கி எழுதித் தர வேண்டுமாம். வாட்ஸ்அப் குழுவில் போட்டுக்கொள்வார்களாம். இரண்டு பக்கத்துக்குள் இருந்தால் நல்லது என்று ஒரு நிபந்தனை வேறு. இதயத்தை இரண்டு பக்கத்தில் கேட்கிற பிள்ளைகளைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். நானும் ஒரு காலத்தில் அப்படிக் கேட்ட பிள்ளைதான் என்பதால் வாயை மூடிக்கொண்டு எழுத உட்கார்ந்தேன்.

சிஸ்டோல் என்று எழுதினேன். இதயம் சுருங்கும் நேரம். டயஸ்டோல் என்று எழுதினேன். இதயம் தளரும் நேரம். அதற்கு மேல் பேனா நகரவில்லை. தளரும் நேரம் என்று சொன்னால் ஏதோ காலை நீட்டி ஓய்வெடுக்கிறது என்றுதானே நினைப்பார்கள்? இதயம் தன் சதைக்கு வேண்டிய ரத்தத்தைப் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வாங்கிக்கொள்கிறது. உடம்பு முழுக்கப் பந்தி பரிமாறிவிட்டு, நடுவில் கிடைக்கிற அரை நொடியில் தான் ஒரு வாய் சாப்பிடுகிறது. இதை முதன்முதலாகப் படித்த அன்று நான் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு மார்பில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் சும்மா இருந்தேன். மூளை சொல்லாமலே தானாகத் துடிக்கத் தெரிந்த சதை அது என்று அடுத்த பக்கத்தில் இருந்தது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தப் பிரமிப்பு மூன்று மாதம்கூட நிற்கவில்லை. வார்டு வகுப்புகள் ஆரம்பித்தன, அது போய்விட்டது.

எந்தக் கல்லூரி என்பது இங்கே வேண்டாம். திண்டிவனத்தில் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வருகிற தூரம், அவ்வளவுதான். தப்பு கல்லூரியுடையதும் இல்லை, எங்களுடையது. ஒரு நோயாளியைச் சுற்றி எட்டுப் பேர் நிற்போம். ஆசிரியர் மார்பில் ஓர் இடத்தைக் காட்டி, "இங்க ஒரு மர்மர் இருக்கு, கேளுங்க" என்பார். ரத்தம் குறுகலான இடத்தில் சிக்கிச் சுழன்று ஓடும்போது வருகிற சத்தத்துக்குத்தான் மர்மர் என்று பெயர். முதல் மாணவன் ஸ்டெதஸ்கோப்பை வைப்பான், தலையை ஆட்டுவான், "கேக்குது சார்" என்பான். அடுத்தவள், அதற்கடுத்தவன், எல்லோருக்கும் கேட்கும். எனக்கு மின்விசிறியின் கடகடப்பும் என் சொந்த மூச்சும்தான் கேட்கும்.

ஒரே ஒரு தடவை "கேக்கல சார்" என்று சொல்லிப் பார்த்தேன். மறுபடி கேள் என்றார். மறுபடியும் கேட்கவில்லை. இன்னொரு தடவை என்றார். எனக்குப் பின்னால் நின்றவர்கள் கால் மாற்றி நிற்க ஆரம்பித்தார்கள். ஒருத்தி என் முதுகில் பேனாவால் குத்தினாள். மூன்றாவது தடவை, "கேக்குது சார்" என்றேன். அன்றிலிருந்து எனக்கும் எல்லாமே கேட்க ஆரம்பித்துவிட்டது. எட்டுப் பேரும் இப்படித்தான் என்பது இறுதியாண்டில் கேன்டீனில் பேசிக்கொண்டிருந்தபோதுதான் தெரியவந்தது. விழுந்து விழுந்து சிரித்தோம். அழ வேண்டிய விஷயம் அது.

எங்கள் கல்லூரிக்குத் தேர்வு சமயத்தில் தவறாமல் வருகிற நோயாளி ஒருவர் இருந்தார். கெடாருக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். நடவும் களையெடுப்பும்தான் வேலை. வயது முப்பத்தைந்துக்குள்தான் இருக்கும். நாங்கள் கெடார் அக்கா என்போம். சின்ன வயதில் காய்ச்சலும் மூட்டு வீக்கமுமாகக் கிடந்திருக்கிறார். மூட்டு சரியாகிவிட்டது, காய்ச்சல் இதயத்தின் ஒரு கதவைக் கெடுத்துவிட்டுப் போய்விட்டது. இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இரண்டு மடல் கதவு ஒன்று உண்டு, மிட்ரல் வால்வு. அக்காவுக்கு அது பாதிக்கு மேல் ஒட்டிக்கொண்டு திறக்க மாட்டாமல் நின்றுவிட்டது. அதற்கு மிட்ரல் ஸ்டெனோசிஸ் என்று பெயர். பலூன் வைத்து அந்தக் கதவை விரித்துவிடலாம் என்று பல தடவை சொல்லியாகிவிட்டது. அக்கா ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் வைத்திருப்பார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, எடுக்கட்டும், பொண்ணு பத்தாவது முடிக்கட்டும், மழை வரட்டும். மூன்று வாரத்துக்கொரு பெனிசிலின் ஊசியை மட்டும் விடாமல் போட்டுக்கொண்டார்.

தேர்வுக்கு இவரைப் போல ஒரு கேஸ் கிடைப்பது அதிர்ஷ்டம். புத்தகத்தில் சொன்ன எல்லாமே அவரிடம் இருந்தன. அதிலும் முக்கியமானது ஒன்று. குறுகின கதவு வழியாக ரத்தம் இறங்கும்போது அடித்தொண்டையில் உறுமுவது போல மர்மர் கேட்கும். கடைசியில் மேலறை தானும் ஒருமுறை சுருங்கி மிச்சத்தை உந்தித் தள்ளும்போது அந்த உறுமல் சட்டென்று உயரும். ப்ரீசிஸ்டாலிக் அக்சென்சுவேஷன். தேர்வாளர்கள் இதைக் கேட்காமல் விட மாட்டார்கள்.

அதனால் அக்காவுக்கென்றே ஒரு நோட்ஸ் இருந்தது. எனக்கு நான்கு வருடம் முந்தின சீனியர் ஒருவர் எழுதியது. நாடி சீராக உள்ளது என்று ஒரு வரி, உறுமல் கடைசியில் உயர்கிறது என்று நட்சத்திரம் போட்ட ஒரு வரி. அதை நகல் எடுத்ததெல்லாம் திண்டிவனத்தில் என் அப்பாவின் ஜெராக்ஸ் கடையில்தான். என் வகுப்புக்கும், எனக்குக் கீழே இரண்டு வகுப்புக்கும் நானே கட்டுக் கட்டாக எடுத்து வந்து கொடுத்திருக்கிறேன். அப்பா அட்டை போட்டு ஸ்பைரல் பைண்டிங்கூட செய்து கொடுத்தார். நாங்கள் எல்லோரும் கெடார் அக்காவை மனப்பாடம் செய்திருந்தோம். அவருடைய மார்பில் யாரும் காது வைக்கவில்லை.

இறுதியாண்டு செய்முறைத் தேர்வில் லாங் கேஸாக எனக்கு அக்காவே வந்தார். திரைக்குப் பின்னால் கட்டிலில் அவரைப் பார்த்ததும் எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. ஒரு மணி நேரம் கொடுப்பார்கள், விசாரித்து, தொட்டுப் பார்த்து, எழுதி வைக்க வேண்டும். பிறகு தேர்வாளர்கள் வருவார்கள்.

"பதறாத பாப்பா," என்றார் அக்கா. "நோட்டுல இன்னா இருக்குதோ அத்த அப்டியே எழுது. நான் எடது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்துக்கிறேன். மூச்ச வுட்டுட்டு நிறுத்திக்கிறேன். நீ அந்தச் சின்னப் பக்கத்த வச்சுக் கேளு. பெரிய பக்கத்துல கேக்காது."

எல்லாம் சரியாகத்தான் சொன்னார். தாழ்ந்த சத்தத்துக்கு ஸ்டெதஸ்கோப்பின் மணி போன்ற சின்னப் பக்கம்தான் வேண்டும். என் வகுப்பில் பாதிப் பேருக்கு அது தேர்வுக்கு முந்தின நாள்தான் தெரியும்.

கையைத் தொடுவதற்கு முன்பே நாடி சீராக உள்ளது என்று எழுதிவிட்டேன். இருபது நிமிடத்தில் எல்லாவற்றையும் எழுதி முடித்தேன். மிச்ச நேரத்தை என்ன செய்வது என்று தெரியாமல், "வேற எதுனா தொந்தரவு இருக்காக்கா?" என்று ஒப்புக்குக் கேட்டு வைத்தேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. முந்தாநேத்து காலைல சொம்பு கைல நிக்கல. தண்ணி மொண்டு குடிக்கப் போறேன், வெரலு வேற யாரு வெரலோ மாதிரி இருந்துச்சு. ஒதறிக்கினே இருந்தேன். ஒரு அஞ்சு நிமிசம் பேஜாரு பண்ணிட்டு சரியாப் போச்சு."

"எந்தக் கை?"

வலது கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கதவு குறுகினவர்களுக்கு மேலறையில் ரத்தம் தேங்கும். மேலறை ஒழுங்காகச் சுருங்குகிறவரை ஓரளவு நகர்ந்துகொண்டாவது இருக்கும். ஒருநாள் அது சுருங்குவதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்க ஆரம்பித்தால், தேங்கின ரத்தம் உறையும். அந்தக் கட்டியில் ஒரு துணுக்கு கிளம்பி மூளைக்குப் போனால் கை விழும், பேச்சு போகும். சின்னத் துணுக்காக இருந்து தானே கரைந்துவிட்டால், ஐந்து நிமிடம் சொம்பு நழுவுவதோடு போகும். அடுத்தது அப்படிப் போகும் என்று யாரும் சொல்ல முடியாது. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் மேலறை நடுங்கினால் நாடி தாறுமாறாக ஓட வேண்டும். அக்காவின் நாடியோ சீரானது, நானே இப்போதுதான் எழுதியிருக்கிறேன்.

ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டினேன். படிக்க வந்த இத்தனை வருடத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஓர் இதயத்தை நான் கேட்டேன் என்று சொன்னால் பொய்யில்லை.

சீராக இல்லை. ஒன்று, உடனே இன்னொன்று, ஓர் இடைவெளி, சேர்ந்தாற்போல் மூன்று, மறுபடி நீண்ட இடைவெளி. ஒரு சத்தம் ஓங்கி அறைந்தது, அடுத்தது முனகியது. எந்த ஒழுங்கிலும் அடங்கவில்லை. நீண்ட இடைவெளிகளின் அடியில் ஏதோ உறுமியது. மர்மர். மூன்று வருடமாகக் கேட்கிறது கேட்கிறது என்று புளுகிய சத்தம், அன்றைக்குத்தான் என் காதுக்கு வந்து சேர்ந்தது. ஒரு நொடி பயத்தை மறந்துவிட்டேன். ஒரு மனுஷியின் விலா எலும்புக்கு அடியில் ரத்தம் ஒரு கதவோடு மல்லுக்கட்டுகிறது, அது எனக்குக் கேட்கிறது. கடைசியில் அந்த உறுமல் உயர்கிறதா என்று காத்திருந்தேன். உயரவே இல்லை. உந்தித் தள்ள வேண்டிய மேலறை வேலையை விட்டுவிட்டது.

என் காதை நானே நம்பவில்லை, நம்பும்படி அது இதுவரை நடந்துகொண்டதும் இல்லை. இந்த மாதிரி சமயத்தில் ஒருவர் மார்பிலும் இன்னொருவர் மணிக்கட்டிலும் ஒரே நிமிடம் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று படித்திருக்கிறேன். தேர்வில் இன்னொருவருக்கு எங்கே போவது?

"எங்கைய நானே புடிச்சு எண்ணட்டா?" என்றார் அக்கா. எத்தனை மாணவர்கள் பிடித்த கை! நாடி எங்கே ஓடும் என்று எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள் பன்னிரண்டுக்கு வந்ததும் ஆரம்பித்தோம். அவர் உதடு அசையாமல் எண்ணினார். நிமிடம் முடிந்தது. எனக்கு நூற்றுப் பன்னிரண்டு. அவருக்கு எண்பத்தாறு.

"நீ தப்பா எண்ணிட்ட," என்றார்.

"நீங்கதான்கா எங்கியோ வுட்டுட்டீங்க."

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நடவுக்கு நாத்து முடி கட்டுக் கட்டா எண்றவ நானு. அஞ்சு ஆளு வீசிக்கினே இருந்தாக்கூட எண்ணிக்கை தப்பாது எனக்கு. திரும்ப எண்ணு."

திரும்ப எண்ணினோம். எனக்கு நூற்றுப் பதினான்கு, அவருக்கு எண்பத்தொன்பது. ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டோம். தேர்வு அறையில் நோயாளியோடு எண்ணிக்கைக்குச் சண்டை போட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பிறகு ஸ்டெதஸ்கோப்பை மார்பில் வைத்தபடியே இன்னொரு கை விரலை அவர் மணிக்கட்டில் வைத்தேன். காதில் ஒரு துடிப்பு, விரலில் ஒரு துடிப்பு. காதில் ஒன்று, விரலில் ஒன்று. காதில் ஒன்று. விரலில் ஒன்றும் இல்லை.

இரண்டு பேரும் சரியாகத்தான் எண்ணியிருந்தோம். கீழறை நிரம்புவதற்குள் அவசரப்பட்டு அடித்த துடிப்புகள் அவை. கதவு மூடும் சத்தம் மட்டும் மார்பில் கேட்கிறது, கைவரை வந்து சேரும் அளவுக்கு ரத்தம் இல்லை. இருபத்தாறு துடிப்புகள் கிளம்பி வழியிலேயே காணாமல் போயிருந்தன. பல்ஸ் டெஃபிசிட் என்று ஒரு மார்க் கேள்வியாகப் படித்தது இதைத்தான். ஜூனியர்களே, அந்தச் சொல்லுக்கு எதிரே இதைத் தவிர என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

என் முகத்தைப் பார்த்து அக்கா எழுந்து உட்கார்ந்தார். சுற்றி வளைக்காமல் சொன்னேன். இதயத்தின் ஓட்டம் மாறிவிட்டது, சொம்பு நழுவியது அதனால்தான், இன்றைக்கே வார்டில் சேர வேண்டும்.

"அதெல்லாம் வேணாம்," என்றார். குரல் இறுகிவிட்டது. "என்ன வச்சு பரிச்ச எழுதுனவங்க ஒருத்தரும் பெயிலானதில்ல. நீ புதுசா எதுனா சொல்லி பெயிலாயிட்டின்னா அது எனக்குத்தான் அசிங்கம். பன்னண்டு மணி பஸ்ஸுக்குப் போறேன் நானு. மல்லாட்டைக்குக் களை வெட்ட ஆளே கெடைக்கல."

என் தாளைப் பார்த்தேன். நாடி சீராக உள்ளது. அப்படியே விட்டால் நான் தேறிவிடுவேன், அதில் சந்தேகமே இல்லை. அக்கா பன்னிரண்டு மணி பஸ் ஏறிவிடுவார். என்னைத் தவிர யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. நல்லவள் என்று பெயர் வாங்க இதை எழுதவில்லை, அரை நிமிடமாவது நான் யோசித்தேன். அந்த அரை நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அப்புறம் அந்த வரியை அடித்தேன். நட்சத்திரம் போட்ட வரியையும் அடித்தேன்.

தேர்வாளர்கள் இரண்டு பேர் வந்தார்கள். வெளியூர்க்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து என் தாளை வாங்கினார். எங்கள் ஆசிரியர் பக்கத்தில் நின்றார்.

"ரிதம்?"

"இர்ரெகுலர் சார். எந்த ஒழுங்கும் இல்ல."

ஆசிரியர் தன் கையிலிருந்த பட்டியலைப் பார்த்துவிட்டு, "இந்தக் கேஸ்ல ரிதம் ரெகுலர் சார்" என்று மெதுவாகச் சொன்னார்.

வெளியூர்க்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ப்ரீசிஸ்டாலிக் அக்சென்சுவேஷன் கேட்டுச்சா?"

எட்டுப் பேர் வரிசை ஞாபகம் வந்தது. முதுகில் குத்திய பேனாவும் ஞாபகம் வந்தது.

"கேக்கல சார்."

"நல்லா கேட்டியாம்மா?"

"நல்லா கேட்டேன் சார். இல்ல. ஹார்ட் ரேட் நூத்திப் பன்னண்டு, பல்ஸ் எண்பத்தாறு."

"தனியா எப்படி ரெண்டையும் எண்ணுன?"

"பல்ஸ் அக்கா எண்ணுனாங்க சார்."

அவர் தன் ஸ்டெதஸ்கோப்பை எடுத்தார். மார்பில் வைத்து, மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டார். திரைக்கு அந்தப் பக்கம் வேறு யாரோ தேர்வு எழுதும் பேனாச் சத்தம் கேட்டது. நான் என் இதயத்தை எண்ணியிருந்தால் நூற்று நாற்பதாவது இருந்திருக்கும். கண்ணைத் திறந்து, ஸ்டெதஸ்கோப்பை எங்கள் ஆசிரியரிடம் நீட்டினார். ஆசிரியர் குனிந்து கேட்டார். நிமிர்ந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. சொம்பு நழுவியதைச் சொன்னேன். வலது கை என்றும் சொன்னேன். இசிஜி எடுத்தார்கள். மேலறை சுருங்கினால் தாளில் ஒரு சின்ன மேடு தெரியும். அந்த மேடு எங்கேயும் இல்லை, நடுக்கம் மட்டும்தான் இருந்தது.

அக்காவை அங்கிருந்தே வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ரத்தம் உறையாமலிருக்க ஊசி ஆரம்பித்தார்கள். வண்டியில் போகும்போது அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. களை வெட்ட வேண்டிய கொல்லையும் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பொண்ணும்தான் அவர் மனதில் இருந்திருக்கும். எனக்கு அழுகையாக வந்தது. தேறினேனா இல்லையா என்பதைக்கூட அன்று சாயங்காலம் வரை நான் நினைக்கவில்லை. மறுநாள் அப்பாவின் கடைக்குப் போய் அந்த நோட்ஸின் மூலப் பிரதியைக் கேட்டு வாங்கிக் கிழித்துப் போட்டேன். எதற்கென்று அப்பாவுக்குப் புரியவில்லை, விளக்கவும் எனக்குத் தெம்பில்லை.

மேலறையில் இருந்த ரத்தக்கட்டி கரைய வாரங்கள் ஆயின. அப்புறம் அக்காவும் சம்மதித்து, பாண்டிச்சேரியில் பலூன் வைத்தார்கள். தொடை ரத்தநாளம் வழியாக ஒரு மெல்லிய குழாயை ஏற்றி, சுருக்கி வைத்த பலூனைக் கதவு வரை கொண்டுபோய் விரிக்க, இருபது வருடத்துக்கும் மேலாக ஒட்டிக்கிடந்த மடல்கள் விட்டுக்கொடுத்தன. அதை நான் பார்க்கவில்லை, படித்துத்தான் தெரிந்துகொண்டேன். படித்துவிட்டுப் பழையபடி சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

நான் பயிற்சி டாக்டராக இருந்தபோது ஒரு காலையில், ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் மாதப் பரிசோதனைக்காக அக்கா வந்தார். முகம் தெளிந்திருந்தது. இரண்டு மாடி ஏறி வந்தும் மூச்சு வாங்கவில்லை. ஆனாலும் என்னைப் பார்த்ததும் குறைதான் சொன்னார்.

"இப்ப எங்கிட்ட எதுவும் சரியாக் கேக்க மாட்டேங்குதாம். பரிச்சைக்கு இனிமே கூப்ட மாட்டாங்களாம். எல்லாம் உன்னாலதான்."

மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். ஓட்டம் இன்னும் தாறுமாறுதான், அது அப்படியேதான் இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். மாத்திரையால் வேகம் அடங்கியிருந்தது. உறுமல் எங்கோ தூரத்தில் இருந்தது, தெரிந்தவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

நான் சொல்லவே இல்லை, அக்காவே தன் மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு பேரும் எண்ண ஆரம்பித்தோம். அவர் உதடு அசையவில்லை. ஒரு நிமிடம் அவ்வளவு நீளம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"எழுவத்தாறு," என்றார்.

"எனக்கும் எழுபத்தாறு அக்கா."

அவர் விரலை எடுத்துவிட்டு, ஜாக்கெட் பட்டனைப் போட்டுக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பரவால்லியே, டாக்டரம்மா இப்பதான் ஒழுங்கா எண்ணக் கத்துக்கினு இருக்குறாங்க."